டென்டல் (பல் மருத்துவம்) கிடைக்கும் போல இருக்கு. படிவம் நிரப்ப முதல் எதை யோசிக்க வேணும்?

நல்லூர்ப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். யாழ் மாவட்டம், பயோ, செகண்ட் ஷை (ரெண்டாந்தரம் எழுதினது). ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்திட்டுது. போன வருஷ வெட்டுப்புள்ளியோட (அனுமதி கிடைச்ச ஆகக் குறைஞ்ச புள்ளி) வச்சுப் பாத்தால் மெடிசினுக்கு மயிரிழையில தவறும் போல கிடக்கு, டென்டலுக்கு வரும் போல கிடக்கு. அம்மா மூண்டாந்தரம் எழுது எண்டு நிக்கிறா. அப்பா ஒண்டும் சொல்லேல்ல. ரியூசன் சேர் "டென்டலை விட்டிடாதை" எண்டவர். பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டை வச்சுக்கொண்டு இருக்கிறன், விருப்ப ஒழுங்கை எப்பிடிப் போடுறது எண்டு விளங்கேல்ல.

நான் அறிய விரும்புறது இதுதான். டென்டலுக்கு விண்ணப்பிக்கிற ஆளுக்கு எது முக்கியம்? பரீட்சைப் புள்ளியில இருந்து கணக்குப் பாத்துத் தாற இசட் புள்ளி மட்டுமோ? அங்க படிச்ச ஆக்கள், இப்ப வேலை செய்யிற ஆக்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. சின்னனில சூத்தைப் பல்லுக் கழட்டப் போனதை விட்டால் எனக்கு டென்டலைப் பற்றி ஒண்டும் தெரியாது.

இசட்கணக்கு

பிள்ளை, முதல்ல படிவத்தை முடிப்பம். வேலையைப் பற்றி டொக்டர்மார் வந்து சொல்லட்டும்.

எங்கட அரச பல்கலைக்கழகங்களில டென்டலுக்கு நேர்முகம் இல்லை, உன்னைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு கட்டுரையும் இல்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூண்டும், பொது சாதாரணப் பரீட்சையில ஆகக் குறைஞ்சது 30 புள்ளி, அதுக்கு மேல எல்லாத்தையும் இசட் புள்ளிதான் தீர்மானிக்கும். 40 வீதம் தீவளாவிய திறமையில எடுப்பினம். 55 வீதம் மாவட்டத்தின்ர சனத்தொகைக்கு ஏற்ற பங்கு. மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கினது எண்டு குறிச்ச 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல யாழ்ப்பாணமும் ஒண்டு. 1970களின்ர தொடக்கத்தில பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் (புள்ளியை மொழிவாரியாச் சரிக்கட்டுற முறை) வந்து எங்கட பிள்ளையளை வெளியில நிப்பாட்டின காலத்தைக் கண்ட ஆக்களுக்கு இதை வாசிக்க நெஞ்சு கனக்கும். அது பெரிய கதை, இந்த இழையில வேண்டாம். ஆனால் "கோட்டாவில போனவை" எண்டு ஆரும் சொன்னால் தலையைக் குனியாதை. உன்ர மாவட்டத்துக்குரிய இடம் அது.

இப்ப விருப்ப ஒழுங்கு. ஒவ்வொரு வருஷமும் பிள்ளையள் இதிலதான் கோட்டை விடுகினம். நீ போட்ட ஒழுங்கில மேல இருந்து கீழ வரேக்க, உன்ர புள்ளி எட்டுற முதலாவது கற்கைநெறிக்குத்தான் உன்னை எடுப்பினம். மெடிசினை மேல போட்டதால டென்டல் கைநழுவாது. டென்டலை முதலாவதாப் போட்ட ஆளுக்கு உன்னை விட முன்னுரிமையும் இல்லை. அதால உனக்கு உண்மையா எது வேணுமோ அதை அந்த ஒழுங்கில போடு, "தந்திரமா" போடச் சொல்லுற ஆக்களிட்ட காது குடுக்காதை.

இன்னொண்டு. மெடிசின் எண்டால் யாழ்ப்பாணத்தை மட்டும் போட்டிட்டு விடுகிற பிள்ளையள் இருக்கினம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வேற வேற இலக்கம், வேற வேற வெட்டுப்புள்ளி. மயிரிழையில நிக்கிற நீ கிழக்கு, ரஜரட்டை, வயம்ப, சப்ரகமுவ எல்லாத்தையும் வரிசையாப் போட வேணும். அதுக்குப் பிறகு டென்டல். முந்தி பேராதனை ஒண்டுதான் இருந்தது, இப்ப ஸ்ரீ ஜயவர்தனபுரத்திலயும் பல் மருத்துவ பீடம் இருக்கு. இரண்டையும் போடு. அதுக்குக் கீழயும் வெறுமையா விடாதை. மிருக வைத்தியம், யாழ்ப்பாணத்து இணை மருத்துவக் கற்கைநெறியள் எல்லாம் கிடக்கு. வெட்டுப்புள்ளி ஒவ்வொரு வருஷமும் ஏறி இறங்கும், போன வருஷத்தை வச்சு ஆரும் சத்தியம் பண்ணேலாது.

பதிவைப் பற்றின பகுதியைக் கையேட்டில சொல்லுக்குச் சொல் வாசி. ஒரு கற்கைநெறிக்குப் போய்ப் பதிஞ்சாப் பிறகு அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்கிறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு. "டென்டல்ல பதிஞ்சு வச்சுக்கொண்டு மூண்டாந்தரம் எழுதிப் பாப்பம்" எண்டு ஆரும் சொன்னால், அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேள்.

மானிப்பாய் அம்மா

நான் தாய்மாரின்ர பக்கம் கதைக்கிறன், கோவிக்காதேங்கோ. இந்தப் பிள்ளை மயிரிழை எண்டு எழுதியிருக்குது. மயிரிழையில தவறின பிள்ளைக்கு இன்னொரு தரம் இருக்கேக்க ஏன் விடுவான்? மூண்டு தரம் எழுதலாம் எண்டுதானே சட்டம் இருக்கு. எத்தினையோ பிள்ளையள் மூண்டாந்தரத்தில மெடிசின் போயிருக்குதுகள். பிறகு காலம் முழுக்க "அப்ப எழுதியிருக்கலாம்" எண்டு பிள்ளை கவலைப்படப்படாது.

இசட்கணக்கு

அம்மா, நீங்கள் கேக்கிறது நியாயமான கேள்வி. கனகாலமாப் படிப்பிக்கிறன், கண்டதைச் சொல்லுறன். மூண்டாந்தரத்தில கூடின பிள்ளையும் இருக்கு, இறங்கின பிள்ளையும் இருக்கு. இசட் புள்ளி எண்டது உங்கட பிள்ளை எடுத்த புள்ளி அந்த வருஷம் எழுதின எல்லாரின்ர சராசரியில இருந்து எவ்வளவு தூரம் மேல நிக்குது எண்ட கணக்கு. பிள்ளை அதே அளவு படிச்சாலும் கூட்டம் மாறினால் புள்ளி மாறும். மூண்டு ஏ எடுத்தும் டென்டல் கிடைக்காமல் போன பிள்ளையள் இருக்கினம், காரணம் இதுதான்.

மூண்டாந்தரம் எழுதுறதெண்டால் எந்தப் பாடத்தில ஏத்தப் போறன் எண்டு சொல்லத் தெரிய வேணும். பயோப் பிள்ளையளைக் கனதரம் கீழ இழுக்கிறது பௌதிகவியல். சரியான விடையைத் தெரிவு செய்யிற பல்தேர்வுத் தாளில 50 கேள்வி, இரண்டு மணித்தியாலம், அதில நேரம் காணாமல் கடைசிப் பக்கத்தைக் குருட்டுவாக்கில போட்ட பிள்ளை பயிற்சியால ஏத்தலாம். மூண்டு பாடத்திலயும் தன்ர உச்சத்தை எடுத்திட்டு நிக்கிற பிள்ளைக்கு இன்னொரு வருஷம் எதைக் குடுக்கும்? நல்லூர்ப்பிள்ளை, உன்ர மூண்டு பாடத்தையும் எடுத்து வச்சு இதை நீயே பார். அம்மாவோட இருந்து பார்.

கொடுப்புப்பல்

தங்கச்சி, நான் வடக்கில ஒரு ஆதார வைத்தியசாலையில பல் வைத்தியர். பேராதனையில படிச்சனான். மெடிசினுக்கு எழுதித்தான் டென்டல் கிடைச்சது, என்ர பட்ஜில (என்னோட ஒண்டாப் படிச்ச ஆக்களில) முக்கால்வாசிப் பேரும் அப்பிடித்தான். அதில வெக்கப்பட ஒண்டும் இல்லை.

நீ கேட்டதுக்கு என்ர பதில்: உன்னை எடுக்கிறவை கேக்காத கேள்விதான் முக்கியம். உன்ர கண், கை, கழுத்து, பொறுமை எப்பிடி எண்டு கையேட்டில எங்கயும் கேக்க மாட்டினம். வெளிநாடுகளில கேக்கினம். இஞ்ச இல்லாதபடியால அந்த நேர்முகத்தை நீயே உனக்கு வைக்க வேணும், அதுவும் படிவம் அனுப்ப முதல்.

இந்த வேலை எப்பிடியெண்டு கொஞ்சம் சொல்லுறன். மேல் கொடுப்புப் பல்லுக்கு (கடைவாய்ப் பல்லு) நேர கண்ணை வைக்கேலாது. வாய்க்கண்ணாடியில தெரியிற விம்பத்தைப் பாத்துக்கொண்டு கையை அசைக்க வேணும். கண்ணாடியில முன்னுக்குத் தெரியிறது உண்மையில பின்னுக்கு. முதல் கிழமையளில கை எதிர்ப்பக்கம் போகும், பிறகு மூளை பழகிடும். நோயாளியின்ர துப்பல், நாக்கு, பயம் எல்லாம் அந்த ரெண்டு அங்குல இடத்துக்குள்ள உன்னோட சேர்ந்து நிக்கும். பின்னேரம் கழுத்தும் முதுகும் சொல்லும். முதல் வருஷத்தில இருந்தே எப்பிடி இருக்க வேணும் எண்டு பழகாத ஆக்கள் நாப்பது வயசில கஷ்டப்படுகினம்.

அடுத்தது "பல்லுப் பிடுங்கிற வேலைதானே" எண்டு சொல்லுற ஆக்களுக்கு. ஒரு நாள் காலமை தோட்டக்கார ஐயா ஒருத்தர் வந்தவர். கீழ்க் கொடுப்பு ஆடுது பிள்ளை, கழட்டி விடு எண்டார். வாயைத் திறவுங்கோ எண்டால் ரெண்டு விரல் அகலம்தான் திறக்குது. இன்னும் கொஞ்சம் எண்டன். "இவ்வளவுதான் வரும், இப்ப உறைப்பும் வாயில வைக்கேலாது" எண்டார். கன்னத்தின்ர உள்பக்கத்தை விரலால தடவினால் மெத்தெண்டு இருக்க வேண்டிய இடம் வெளிறி, நார் பிடிச்சு இறுகிக் கிடக்கு. நாக்கின்ர ஓரத்தில வெள்ளையா ஒரு படை, துணியால துடைச்சால் போகேல்ல. பாக்கு எவ்வளவு காலமா எண்டு கேட்டன். இளந்தாரியா இருக்கேக்க இருந்தே வெத்திலை, பாக்கு, புகையிலை. அண்டைக்கு அவற்ர பல்லில நான் கை வைக்கேல்ல. கடிதம் எழுதி, தசைத்துண்டு எடுத்துப் பாக்கிறதுக்கு வாய் முக சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்பினன். மகளைக் கூப்பிட்டு, கட்டாயம் கொண்டு போங்கோ எண்டு இருத்திச் சொன்னன்.

இலங்கையில ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயளில வாய்ப் புற்றுநோய் முன்னணியில நிக்குது. முக்கிய காரணம் பாக்கும் புகையிலையும். யாழ்ப்பாணத்துப் புகையிலை நாடு முழுக்கப் போய் வெத்திலையோட சப்பப்படுகிற பொருள். எங்கட மண்ணில விளையிறதின்ர விளைவை முதல்ல காணுற கண் பல் வைத்தியரின்ர கண்தான். பல்லுக்கு வந்த ஆளின்ர வாயை முழுக்கப் பாக்கிற பழக்கம் இல்லாத ஆள் இந்த வேலைக்கு வரக்கூடாது எண்டு நான் நினைக்கிறன்.

இதுக்கு என்ன செய்யலாம் எண்டால், தெரிஞ்ச பல் வைத்தியர் ஒருத்தரிட்ட, அல்லது பக்கத்து வைத்தியசாலைப் பல் பிரிவில கேட்டு, மூலையில நிண்டு ஒரு காலமை முழுக்கப் பார். சனம் நிக்கிற திங்கக்கிழமையாப் பாத்துப் போ. விறைப்பூசி போடேக்க நோயாளியின்ர கையைப் பார். சின்னப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு திறக்க மாட்டன் எண்டு அழேக்க வைத்தியர் என்ன செய்யிறார் எண்டு பார். பாத்து முடிய உனக்கு இன்னும் நிண்டு பாக்க ஆசை வருதா, கெதியா வீட்டை போவம் எண்டு வருதா எண்டதை அம்மாவிட்டப் போய்ச் சொல்லு.

கண்டிவீதி

அக்கா எழுதினதைப் பேராதனையில இருந்து வாசிக்கிறன், இப்ப படிச்சுக்கொண்டிருக்கிறன். படிக்கிற பக்கத்தை நான் சொல்லுறன்.

முதல்ல உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம். தலையும் கழுத்தும் மெடிசின்காரர் படிக்கிறதுக்குக் குறையாமல் எங்களுக்கு. டென்டல் எண்டால் லேசு எண்டு வாற ஆக்கள் முதல் பரீட்சையிலேயே விளங்கிக் கொள்ளுவினம்.

பிறகு மெழுகில பல்லு செதுக்கிறது. கையில ஒரு மெழுகுக் கட்டி, ஒரு சின்னக் கத்தி, ஒரு அளவுகோல். முதல்ல பல்லின்ர கன்னப்பக்கத் தோற்றத்தைக் கட்டியில கீறி, அந்தக் கோட்டுக்கு வெளியில இருக்கிறதை வெட்டி எடுக்கிறது. பிறகு கட்டியைத் திருப்பிப் பக்கவாட்டுத் தோற்றம். அப்ப கையில ஒரு மூலை மூலையான உருவம் இருக்கும், பல்லு மாதிரி இராது. அதுக்குப் பிறகுதான் வேலை. மேல் முதற் கொடுப்புக்கு நாலு முகடு (கடிக்கிற பக்கத்தில உயர்ந்து நிக்கிற மேடு), சில ஆக்களுக்கு உள்பக்கம் குட்டியா ஐஞ்சாவதும் இருக்கும், மூண்டு வேர். கீழ் முதற் கொடுப்புக்கு ஐஞ்சு முகடு, ரெண்டு வேர். முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவில ஓடுற பள்ளம் எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு ஒவ்வொண்டும் கணக்கு. கொஞ்சம் கூட வெட்டினால் புதுக் கட்டி எடுத்து முதல்ல இருந்து. முடிய, ஆசிரியர் அதை விரல்ல உருட்டிப் பாப்பார், ஒண்டும் பேச மாட்டார், பிழையான இடத்தில நகத்தால ஒரு கோடு போடுவார்.

சித்திரம் வராத நானே இதைப் பழகினன், எங்கட அறையில எல்லாரும் பழகினம். கைவிளைச்சல் பிறவியில வர வேணும் எண்டு பயப்படாதை தங்கச்சி. திரும்பத் திரும்பச் செய்ய மனம் வருமோ எண்டதைத்தான் பார்.

அடுத்தது மொழி. இதை யாழ்ப்பாணத்தில ஆரும் சொல்லித் தர மாட்டினம். படிப்பு ஆங்கிலத்தில. தமிழில ஏ.எல். எழுதிப் போற எங்களுக்கு முதல் மாதங்களில ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம் போகும். பிறகு ஓடும், ஏனெண்டால் கலைச்சொல் எல்லாருக்கும் புதுசு. கஷ்டம் கிளினிக்கிலதான் வரும். கதிரையில வந்து இருக்கிற நோயாளி கூடுதலாச் சிங்களம். "கட அரின்ன" எண்டு வாயைத் திறக்கச் சொல்லலாம், "ரிதெனவாத" எண்டு நோகுதோ கேக்கலாம், இது ரெண்டும் ஒரு நாளில வந்திடும். ஆனால் எப்ப தொடங்கின நோ, இரவில நித்திரையைக் குழப்புதோ, சுடுதண்ணி பட்டால் கூடுதோ குறையுதோ, சீனி வருத்தத்துக்கு என்ன குளிசை எடுக்கிறீங்கள் எண்டெல்லாம் கேட்டு, அவை சொல்லுற பதிலை விளங்க வேணும். அதை விளங்காமல் நோயறிதல் எழுதேலாது, நோயாளியும் உன்னை நம்ப மாட்டார். பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகம் தொடங்கிறதுக்கும் இடையில கிடைக்கிற காலத்தில ஆங்கில வகுப்புக்குப் போற பிள்ளையள் கனபேர். சிங்களத்துக்கும் போ. மலையகத் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் வரேக்க நீ கதைக்கிற தமிழைக் கேட்டு அவையின்ர முகம் மாறுறதையும் காணுவாய், அது வேற சந்தோசம்.

சாவகச்சேரி அண்ணை

ஒரு எச்சரிக்கை போட வேணும். புள்ளி காணாட்டி வெளிநாட்டில காசு குடுத்து டென்டல் படிக்கலாம் எண்டு முகவர்மார் வீட்டுக்கே வருகினம். எங்கட சொந்தத்துக்குள்ள ஒரு குடும்பம் காணியை ஈடு வச்சு அனுப்பினது. ரெண்டாம் வருஷத்திலதான், அந்தக் கல்லூரி இஞ்ச அங்கீகரிக்கப்பட்டதோ எண்டு விசாரிக்க வெளிக்கிட்டவை. அதை முதல் நாள் செய்திருக்க வேணும். இஞ்ச பல் வைத்தியரா வேலை செய்ய இலங்கை மருத்துவப் பேரவையில பதிவு வேணும். வெளிநாட்டுப் பட்டம் எண்டால் பதிவுக்கான பரீட்சையும் எழுத வேணும். கல்லூரியின்ர பெயர் பேரவையின்ர பட்டியலில இருக்கோ, பிள்ளையின்ர ஏ.எல். தகைமை அவை கேக்கிறதுக்குக் காணுமோ எண்டு பேரவையிட்டையே எழுத்தில கேட்டு வாங்குங்கோ. முகவர் காட்டுற கடதாசியை நம்பிக் காசு கட்டாதேங்கோ.

ரொறன்ரோ சித்தப்பா

இஞ்ச நடக்கிறதையும் சொல்லுறன், கனபேர் உள்பெட்டியில கேக்கினம். கனடாவில பள்ளிக்கூடம் முடிச்ச உடன டென்டல் போறது எண்டு இல்லை. கூடுதலா, பல்கலைக்கழகத்தில சில வருஷம் படிச்சு, அந்தப் புள்ளியோட டென்டல் அப்டிட்யூட் ரெஸ்ற் எழுதி, நேர்முகத்துக்குப் போக வேணும். ஒருகாலத்தில அந்தப் பரீட்சையில சவர்க்காரக் கட்டி செதுக்கிற பகுதியும் இருந்தது. கண்டிவீதித் தம்பி சொன்ன மெழுகை வாசிக்க அதுதான் ஞாபகம் வந்தது. லண்டன் பக்கம் பள்ளிக்கூடத்தில இருந்து நேர போகலாம். யூகாட் எண்ட பரீட்சை, பிறகு நேர்முகம், ஒக்டோபர் 15க்குள்ள விண்ணப்பம், ஆகக் கூடினது நாலு கல்லூரிக்குத்தான் போடலாம்.

பிள்ளையை இஞ்ச எடுக்கலாம் எண்டு யோசிச்சு டென்டலுக்கு விடுகிற பெற்றோருக்கு ஒண்டு. பேராதனைப் பட்டத்தோட வந்து அடுத்த நாள் கிளினிக் திறக்கேலாது. கனடாவில தேசிய பல் பரீட்சைச் சபையின்ர சமநிலைப் பரீட்சையள் வரிசையாக் கிடக்கு, லண்டனில வெளிநாட்டுப் பல் வைத்தியருக்கான பதிவுப் பரீட்சை, அவுஸ்திரேலியாவில அவையின்ர பல் மருத்துவப் பேரவைப் பரீட்சை. எழுத்து மட்டும் இல்லை, செய்முறையும் இருக்கு, செலவும் கூட. சித்தியடைஞ்சு நல்லா இருக்கிற எங்கட பிள்ளையளை எனக்குத் தெரியும். ஆனால் அதையே காரணமா வச்சு பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளையை அந்தப் படிப்புக்குள்ள தள்ளாதேங்கோ.

மானிப்பாய் அம்மா

எல்லாம் வாசிச்சன். டொக்டர் பிள்ளை, ஒண்டு கேக்கிறன். படிச்சு முடிய வேலை கிடைக்குமோ? டென்டல் படிச்சிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கிற பிள்ளையளைப் பற்றிப் பேப்பரில வந்தது.

கொடுப்புப்பல்

அம்மா, வந்தது உண்மைதான். மெடிசின் முடிச்ச ஆக்களுக்கு ஆஸ்பத்திரியளில இருக்கிற இடம் கூட, பல் வைத்தியருக்கு ஒரு ஆஸ்பத்திரியில ஒண்டு, ரெண்டு இடம்தான் இருக்கும். அதால காத்திருப்பு வரலாம், தூரத்தில நியமனம் வரலாம். வீட்டுக்குப் பக்கத்தில உடன வேலை எண்ட நினைப்போட பிள்ளையை அனுப்பாதேங்கோ. தனியார் கிளினிக் போடலாம், ஆனால் கதிரை, எக்ஸ்ரே, கருவி கிருமி நீக்கிற இயந்திரம் எண்டு கை நிறையக் காசு வேணும். முதல் சில வருஷம் இன்னொருத்தரின்ர கிளினிக்கில பின்னேரம் வேலை செய்து பழகிறதுதான் கனபேரின்ர வழி. மேல படிக்கிறதெண்டால் கொழும்பில பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில வாய் முக சத்திரசிகிச்சை, பல் சீராக்கல், வாய் நோயியல், சமுதாயப் பல் மருத்துவம் எண்டு துறையள் இருக்கு.

தேவை இல்லை எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. வன்னிப் பக்கம் போனால் ஒரு பல்லு நிரப்ப விடியக் காலமை பஸ் ஏறி வாற சனம் இருக்கு. நிரப்பியிருக்கக்கூடிய பல்லைக் கழட்டிவிடுங்கோ எண்டு கேக்கிற தாய்மார் இருக்கினம், ஏனெண்டால் திரும்ப ஒரு நாள் கூலியை விட்டிட்டு வரேலாது. வவுனியாவில நிலத்தடித் தண்ணியில புளோரைட் கூடின இடங்களில பிள்ளையளின்ர முன்பல்லு மஞ்சளும் மண்ணிறமுமாப் புள்ளி பட்டு வருது. சிரிக்கேக்க கையால வாயை மூடுற பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்? இதை நினைச்சு எனக்குக் கோவம் வாற நாளும் இருக்கு. இடம் இருக்கு, சனம் இருக்கு, நியமனம்தான் இல்லை.

பள்ளிப்பல்லு

பாடசாலைப் பல் சிகிச்சையாளரா வேலை செய்து ஓய்வு பெற்றனான். மகரகமையில பயிற்சி. ஆரும் இதைப் பற்றிச் சொல்லேல்ல, அதால எழுதுறன். டென்டலுக்குப் புள்ளி எட்டாத, ஆனால் இந்த வேலையில உண்மையா விருப்பம் உள்ள பிள்ளையள் இந்தப் பக்கமும் பாக்கலாம். வர்த்தமானியில விண்ணப்பம் கோரேக்க கவனிக்க வேணும். நாங்கள் பாக்கிறது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர பல்லு. பாற்பல்லில சூத்தை விழுந்தால் "விழுகிற பல்லுத்தானே" எண்டு விடுகிற தாய்மாருக்கு, ஆறு வயசில பின்னால முளைக்கிறது நிரந்தரக் கொடுப்பு, அது விழாது, திரும்ப முளைக்காது எண்டு சொல்லிச் சொல்லியே காலம் போச்சுது. கருவியைக் கையில எடுத்து, சூத்தை பிடிச்ச பகுதி ஊறின சவர்க்காரம் மாதிரி சுரண்டுப்பட்டு வந்து, அடியில இறுகின நல்ல பல்லு தட்டுப்படுகிற அந்த உணர்வு இண்டைக்கும் விரல்ல இருக்கு. பிள்ளையளோட வேலை செய்யப் பிடிச்ச ஆக்களுக்கு இதை விட நல்ல வேலை இல்லை.

நல்லூர்ப்பிள்ளை

எல்லாருக்கும் கோடி நன்றி. அம்மாவுக்கு முழு இழையையும் வாசிச்சுக் காட்டினன். இசட்கணக்கு சேர், நீங்கள் சொன்ன மாதிரி மூண்டு பாடத்தையும் வச்சுப் பாத்தம். பௌதிகவியல்ல எனக்கு நேரம் பிந்தினது உண்மை, ஆனால் மற்ற ரெண்டிலயும் இதுக்கு மேல ஏத்தலாம் எண்டு எனக்கே நம்பிக்கை இல்லை. எல்லா மருத்துவ பீடத்தையும் மேல போட்டு, பேராதனை டென்டல், பிறகு ஜயவர்தனபுர டென்டல் எண்டு ஒழுங்கு போட்டிருக்கிறன். அம்மா "சரி, கிளினிக்கில நிண்டு பாத்திட்டு வா, பிறகு கதைப்பம்" எண்டவ. ஆஸ்பத்திரி வீதியில அப்பாவுக்குத் தெரிஞ்ச பல் வைத்தியர் ஒருத்தர் வரச் சொல்லியிருக்கிறார்.

கொடுப்புப்பல் அக்கா, இன்னும் ஒண்டு. நான் இடக்கைக்காரி. அது பிரச்சினையோ? கருவியெல்லாம் வலக்கைக்கு எண்டு ஒரு அண்ணா சொன்னவர்.

கொடுப்புப்பல்

பிரச்சினை இல்லை தங்கச்சி, தொந்தரவு மட்டும் இருக்கு. கண்ணாடி, சுரண்டுற கருவி எல்லாம் ரெண்டு கைக்கும் பிடிபடும். பல்லுக் கழட்டுற குறடு கூடுதலா எந்தப் பல்லுக்கு எண்டுதான் மாறும், கைக்கு இல்லை. கதிரைதான் சிக்கல். துப்பற் கிண்ணம், துளைகருவித் தட்டு எல்லாம் வலக்கை வைத்தியர் நோயாளியின்ர வலப்பக்கம் இருப்பார் எண்டு வச்சுப் பூட்டினது. நீ இடப்பக்கம் இருக்க வேணும், உதவியாளர் மறுபக்கம் வர வேணும். இடக்கைக்கு மாத்தக்கூடிய கதிரையளும் இருக்கு.

என்ர பட்ஜில ஒரு இடக்கைப் பிள்ளை இருந்தவள். வெக்கத்தில சொல்லாமல் வலக்கையால செய்யப் பழகப் பாத்து, மாதக்கணக்கில கஷ்டப்பட்டவள். பிறகு பொறுப்பான ஆசிரியரிட்டச் சொன்ன உடன அவளுக்குத் தனியா ஒரு கதிரையை ஒதுக்கிக் குடுத்தவை. இண்டைக்கு நல்ல சத்திரசிகிச்சை செய்யிறவள். நீ கிடைச்சுப் போனால் செய்முறை தொடங்கிற முதல் நாளே கையை உயர்த்திச் சொல்லிப் போடு. கிளினிக்குக்குப் போக முதல் ஈரல் அழற்சி பி தடுப்பூசியையும் முழுசாப் போட்டு முடி, அட்டையைத் துலைச்சுப் போடாதை.

இசட்கணக்கு

ஒழுங்கு சரி பிள்ளை. டென்டலுக்குக் கீழயும் நிரப்பினியோ எண்டு எழுதேல்ல. நிரப்பு. அனுப்ப முதல் ஒவ்வொரு இலக்கத்தையும் கையேட்டோட வச்சு, நீ ஒருக்கா, அப்பா ஒருக்கா சரி பாருங்கோ. பிரதி ஒண்டு எடுத்து வை.